மூன்றாம் அறையில் கறுப்பு

அத்தியாயம் 4

ஒரு மனிதனின் நாணயத்துக்கு அன்றைக்குச் சங்ககிரியில் விலை ஆயிரத்து இருநூறு ரூபாய். கழிவு எண்ணெய் நாற்பது லிட்டர், லிட்டர் முப்பது வீதம். காளியண்ணன் அதைக் கால்குலேட்டரில் தட்டி, எண் தெரியும்படி எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

"இது ஒரு மாசத்துக்குங்க மேடம். ஆறு மாசத்துக்கு நீங்களே பெருக்கிக்குங்க."

எதிரே உட்கார்ந்திருந்த கோகிலவாணி பெருக்கவில்லை. அவள் பின்னால் நின்ற அங்கமுத்து பெருக்கினார்.

"ஏழாயிரத்து இருநூறுங்க மொதலாளி. அந்தக் காசுக்கு லாரிக்கு அரை டயர்கூட வராது. இதுக்கா ஒரு ஆளை ஸ்டேஷன்ல ஒக்கார வெக்கப் பாக்கறீங்க?"

"காசுக்கில்லப்பா. பேருக்கு."

பேருக்கு என்ன விலை என்று கேட்டால் காளியண்ணன் அதையும் தட்டிக் காட்டிவிடுவார் என்பதால் அங்கமுத்து கேட்கவில்லை. இருபத்தெட்டு வருடம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர் அவர். கண் மங்கியதும் லாரி போனது, வாய் மட்டும் மிஞ்சியது. இப்போது கோகிலவாணியின் பழைய காருக்கு டிரைவர், அவளுடைய துப்பறியும் ஆபீஸுக்கு உதவியாள், சம்பளம் வராத மாதங்களில் இரண்டுக்கும் விமரிசகர். கோகிலவாணி அதற்கு முன் பன்னிரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, அடிபட்ட லாரிகளைப் பார்த்துச் சேதத்துக்கு மதிப்புப் போட்டவள். அடிபட்ட லாரி எதுவும் தன்னிடம் பொய் சொன்னதில்லை என்பாள். ஓனர்களைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை.

விஷயம் இதுதான். காளியண்ணன் நடத்துவது வாட்டர் சர்வீஸ். பைபாஸில் போகிற லாரிகள் உள்ளே வந்து குளித்துவிட்டுப் போகும் இடம். குளித்த தண்ணீரில் கிரீஸும் டீசலும் கறுப்பு ஆயிலும் கலந்திருக்கும், அதை அப்படியே வெளியே விடக் கூடாது என்பது சட்டம். அதற்காகப் பின்கட்டில் மூன்று அறைத் தொட்டி ஒன்று உண்டு. முதல் அறையில் மண் அடங்கும். இரண்டாவதில் எண்ணெய் மிதக்கும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே உள்ள சுவர் தரையைத் தொடாமல் முக்கால் அடி மேலே நிற்கும். தண்ணீர் அந்தச் சந்தில் குனிந்து மூன்றாம் அறைக்குப் போகும். எண்ணெய்க்குக் குனியத் தெரியாது. மேலேயே நின்றுவிடும். மூன்றாம் அறையிலிருந்து தெளிந்த தண்ணீர் மட்டும் குழாய் வழியாக ஓடைக்குப் போகும்.

போக வேண்டும். ஆனால் ஆறு மாதமாக, ஒவ்வொரு அமாவாசைக்கும் மறுநாள், ஓடை ஓரத்திலிருக்கும் கந்தம்மாள் கிணற்றில் எண்ணெய் மிதந்தது. இந்தப் புரட்டாசி அமாவாசை கழிந்து மூன்று நாள் ஆகிறது. இந்த முறையும் மிதந்தது. கந்தம்மாள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார். இன்றைக்கு மாலை நான்கு மணிக்கு அதிகாரி வருகிறார். பதில் சரியில்லை என்றால் சீல். ஆயுத பூசைக்கு இன்னும் ஆறு நாள். அந்த ஒரு வாரத்தில் கழுவுகிற லாரிகள்தான் காளியண்ணனுக்குப் பாதி வருட வருமானம்.

"அமாவாசை இருட்டுல எவனோ எண்ணெயைக் கொண்டாந்து ஊத்தறான்னு ஊரே பேசுதுங்க," என்றார் காளியண்ணன். "எவனோ என்ன எவனோ. தொட்டியக் கழுவறவன் சின்னண்ணன். எண்ணெய் வழிச்சு பேரல்ல ஊத்தறவனும் அவன். மாசம் ஒரு பேரல் நெறையும். சித்திரையிலிருந்து மாசம் ரெண்டு கேன், நாப்பது லிட்டரு, கொறையுது. கொறைஞ்ச எண்ணெய் கெணத்துல கெடக்குது. எனக்கு வேண்டாதவன் எவனோ காசு குடுத்து ஊத்தச் சொல்லிருக்கான். அவன் வாயத் தொறக்க மாட்டேங்கறான். நாலு மணிக்குள்ள நீங்க தொறக்க வெச்சீங்கன்னா, அதிகாரி கையிலயே புடிச்சுக் குடுத்துருவேன்."

கோகிலவாணி மேசை மேலிருந்த பராமரிப்பு நோட்டைப் புரட்டினாள். வாரியத்துக்குக் காட்டுவதற்காக வைத்திருக்கும் நோட்டு. தேதி, மண் எத்தனை விரல், எண்ணெய் எத்தனை விரல், பேரலில் ஊற்றியது எத்தனை லிட்டர், கழுவிய பின் தண்ணீர் ஊற்றியது எவ்வளவு, கையெழுத்து. எல்லாம் சின்னண்ணன் கை. குண்டு குண்டாக, வரி தாண்டாத எழுத்து.

"எண்ணெய் ரெண்டு கேன் கொறையுதுன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"இதா, நோட்டுலயே இருக்குதே."

"எழுதினது அவரே."

"ஆமா."

"திருடினவரு திருடினதத் தேதி போட்டு எழுதி, கையெழுத்தும் போட்டிருக்காரு," என்றாள் கோகிலவாணி. "அங்கமுத்தண்ணா, உங்க சர்வீஸ்ல இப்படி ஒரு திருடனப் பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க அம்மணி. என்ற பர்சை ஒரு கிளீனர் எடுத்தான். ரசீது குடுக்கலீங்க."

காளியண்ணன் சிரிக்கவில்லை. கோகிலவாணி அதற்குள் நோட்டின் முன்பக்கங்களுக்குப் போய், ஒரு விரலைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே வந்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது. அவள் விரல் நின்ற இடத்தை அங்கமுத்து தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார். கண்ணாடியில்லாமல் அவருக்குத் தெரிந்தது கோடுகள்தான்.

"தண்ணி எங்கிருந்துங்க வருது?" என்றாள்.

"முந்தி போர்வெல் இருந்துச்சு. தொட்டியக் கழுவிட்டு வால்வைத் தொறந்து உட்டா தானா நெறைஞ்சுக்கும். சித்திரையில போர் காஞ்சு போச்சு. இப்ப எல்லாமே டேங்கருங்க. அமாவாசைக்கு மொத நாள் சாயங்காலம் தொட்டியக் கழுவறது, கழுவினதுக்கு ஒரு லோடு தனியா ஆறாயிரம் லிட்டரு. தொட்டி கட்டினவன் ஊத்தச் சொன்னான், ஊத்தறோம். அமாவாசை லீவு. மறுநாள் லாரி வரிசை கட்டி நிக்கும்."

"எதுக்கு ஊத்தச் சொன்னாங்கன்னு கேட்டீங்களா?"

"சாக்கடைக்குத் தண்ணி ஊத்தறதுக்குக் காரணமும் கேக்கோணுமாங்க?"

*

தொட்டி பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. மூடியைத் தூக்கியதும் மேலே வந்த வாடையில் அங்கமுத்துவுக்குத் தன் இளமைக்காலம் முழுவதும் ஞாபகம் வந்தது.

சின்னண்ணன் டயர்க் குடோன் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நகக்கண் எல்லாம் கறுப்பு, சட்டை மட்டும் வெள்ளையாகத் துவைத்தது. காவலுக்கு ஆள் யாரும் இல்லை. ஓடுகிற ஆள் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் திருடன் என்று சொல்லிவிட்டார்கள்.

கோகிலவாணி அளவுக் கம்பியின் நுனியில் வெள்ளை வேஸ்ட் துணியைச் சுற்றிக் கட்டினாள். அதை மூன்றாம் அறைக்குள் தரை தட்டும்வரை இறக்கி, சுவரோடு அழுத்தி மேலே இழுத்தாள். துணி வெளியே வந்தபோது காக்கைச் சிறகுபோல் இருந்தது.

"இந்தச் சுவரு எப்பக் கழுவுனதுங்க?"

"அமாவாசைக்கு மொத நாளுங்க," என்றார் சின்னண்ணன். "பிரஷ் போட்டுத் தேச்சனுங்க. மூணு அறையும். சோத்தப் போட்டுத் திங்கலாமுங்க."

"அப்ப இந்தக் கறுப்பு மூணு நாள்ல வந்தது."

அவர் துணியைப் பார்த்தார். எழுந்து வந்து மறுபடியும் பார்த்தார். அவருடைய வியப்பு நடிப்பாக இருந்தால் அந்த ஆள் சினிமாவில் இருக்க வேண்டியவர் என்று அங்கமுத்து நினைத்தார்.

"மூணாம் அறைக்கு எண்ணெய் வரவே கூடாதுங்களே," என்றார் சின்னண்ணன் மெதுவாக.

"வந்தாலும் மேல மெதக்கோணும். தரைக்கிட்ட ஒட்டக் கூடாது. எண்ணெய் என்னைக்குங்க தண்ணிக்கு அடியில போயிச் சுவத்துல ஒட்டிருக்குது?" கோகிலவாணி கம்பியை ஓரமாகச் சாய்த்தாள். "சின்னண்ணா, எண்ணெய் எடுத்தீங்களா?"

"இல்லீங்க. என்ற புள்ளை மேல சத்தியமா ஒரு சொட்டு எடுக்கலீங்க."

"கழுவினதும் தண்ணி ஊத்துனீங்களா?"

சின்னண்ணன் மறுபடியும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையைப் பார்த்தார். எண்ணெயைப் பற்றிக் கேட்டபோது நிமிர்ந்திருந்த தலை, தண்ணீரைப் பற்றிக் கேட்டதும் தொங்கிவிட்டது.

காருக்கு நடக்கையில் அங்கமுத்து சொன்னார், "அந்தாளு எண்ணெய் எடுக்கலீங்க அம்மணி."

"தெரியும்."

"ஆனா எதையோ எடுத்திருக்கான்."

"அதுவும் தெரியும். எதைன்னுதான் பாக்கோணும். கந்தம்மா தோட்டத்துக்கு ஓட்டுங்க."

*

கந்தம்மாள் தோட்டம் அரைக் கிலோமீட்டர் தூரம். அதில் கால்வாசி நடை, ஏனென்றால் காரின் அடிவயிறு ஓடைக் கல்லில் தட்டியது. கிணறு ஓடைக்கரையில். மேட்டுப்பக்கம் கைப்பிடிச்சுவர் நல்லாயிருந்தது, ஓடைப்பக்கம் இடிந்து கிடந்தது. எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரியவில்லை. மயில் கழுத்து நிறத்தில் ஒரு பளபளப்புத் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது.

கந்தம்மாளுக்கு அறுபது வயது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இவர்களைத் தலை முதல் கால் வரை அளந்தார்.

"காளியண்ணன் அனுப்புன ஆளுங்களா?"

"அவரு கூப்பிட்டாரு. வந்தது நாங்களா வந்தோம்," என்றாள் கோகிலவாணி.

"ஆடியில என்ற செவலைக் கன்னு இந்தத் தண்ணியக் குடிச்சுது. மூணு நாள் பேதியாக் கழிஞ்சுது. நாலா நாள் செத்துக் கெடந்துச்சு. தாய்மாடு இன்னைக்கும் அது கட்டின கட்டுத்தறியத்தான் மோந்துட்டு நிக்குது." கந்தம்மாள் குரலை உயர்த்தவில்லை. "இதுக்கு ஒங்க மொதலாளி என்ன தட்டிக் காட்டப்போறாரு?"

அங்கமுத்து மாடுகளைப் பார்த்தார். இரண்டு நின்றன. ஒட்டிய வயிறில்லை, மினுமினுப்பாக இருந்தன. பக்கத்தில் மேடை மேல் பழைய சிமெண்டுத் தொட்டி, சொட்டு நீருக்காகக் கட்டியது. பாதிக்கு மேல் நல்ல தண்ணீர்.

கிணறு கெட்ட தோட்டத்தில் இவ்வளவு நல்ல தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவர் வாய் கேட்பதற்குள் கால் நின்றுவிட்டது. தொட்டிக்கு முன்னால், மண்ணில், நசுங்கின எலுமிச்சம்பழம் ஒன்று. நிமிர்ந்து பக்கவாட்டில் ஆறடி நகர்ந்தார். அங்கே இன்னொன்று. இரண்டும் மூன்று நாள் பழசு. அவற்றின் அருகிலேயே, காய்ந்து தோலாகிப் போனவை. அதற்கும் கீழே மண்ணோடு மண்ணாக ஒன்றிரண்டு.

"அம்மணி, இங்க வாங்க." அவர் இரண்டு பழத்துக்கும் நடுவே கைகளை விரித்துக் காட்டினார். "இது டிராக்டரும் இல்ல, காரும் இல்ல. இந்த அகலத்துக்கு முன்சக்கரம் லாரிக்குத்தான். அமாவாசை காலையில பூசை போட்டு, சக்கரத்துக்கு அடியில வெச்சு ஏத்தி நசுக்கிட்டுத்தான் வண்டியை எடுப்போம். வண்டி ராத்திரி எங்க நின்னுதோ அங்கதான் பழம் கெடக்கும். ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரு லாரி இங்க படுத்து எந்திரிச்சிருக்குது."

"என்ன லாரி?"

"ஓடையத் தாண்டி ஊட்டு வாசலுக்கு வாரதுன்னா பெரிய வண்டி ஆகாது. ஆறாயிரம் லிட்டர் டேங்கர்."

கோகிலவாணி கந்தம்மாளிடம் திரும்பினாள். கந்தம்மாள் ஒளிக்கவில்லை. தன்னிடம் ஒளிக்க ஏதாவது இருப்பதாகவே அவருக்குத் தெரியவில்லை.

"சின்னண்ணன் அனுப்பற தண்ணி கண்ணு. சித்திரையில கெணறு வத்திப் போச்சு. மாடு மூணும் கத்திட்டுக் கெடந்துதுக. ஓடைப்பக்கம் போன அந்தத் தம்பி பாத்துட்டு, அமாவாசைக்கு மொத நாள் ஒரு டேங்கரை அனுப்பிவுட்டுது. எங்கூட்டு ஒல்லி ஓஸ் குழாயில வடிஞ்சு முடியறதுக்கு விடிஞ்சு போகும். டிரைவர் இங்கயே சாப்புட்டுட்டுப் படுத்துக்குவாரு. அப்பறம் கெணத்துல நாலு முழம் ஊறுச்சு, ஊறினதெல்லாம் எண்ணெய். அதைக் கேட்டு நெம்ப வருத்தப்பட்டு, மாசாமாசம் அனுப்புது. அந்தத் தண்ணி இல்லீன்னா இந்த ரெண்டும் இருக்காது."

கோகிலவாணி கிணற்றைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், ஓடையைப் பார்த்தாள். அவள் முகத்தில், கேஸ் முடிந்துவிட்டால் வருகிற நிம்மதி வரவில்லை.

"அம்மா, ஒருக்கா எங்ககூட வாங்க," என்றாள். "உங்களுக்குத்தான் இது மொதல்ல தெரியோணும்."

வழியில் அங்கமுத்து இரண்டு தடவை பேச வாயெடுத்து, இரண்டு தடவையும் கியரைத்தான் மாற்றினார்.

*

மணி ஒன்று. காளியண்ணன் அறையில் கந்தம்மாளோடு நான்கு பேர். சின்னண்ணன் நிலைக்கதவுக்கு வெளியே நின்றார். கோகிலவாணி உள்ளே கூப்பிட்டும் செருப்பில்லாத காலை வாசற்படியோடு நிறுத்திக்கொண்டார்.

மேசையில் ஒரு தண்ணீர் பாட்டில், படுக்கவைத்து மேல்பாதியைச் சீவியது. கோகிலவாணி கை நீட்டினாள். "அண்ணா, லைசென்ஸ்."

"எதுக்குங்க?"

"உங்க லாரி லைசென்ஸ்தான் காலாவதி ஆச்சுல்ல."

அங்கமுத்து பிளாஸ்டிக் அட்டையை எடுத்துக் கொடுத்தார். இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டிய உரிமம். அவள் அதைப் பாட்டிலின் நடுவே சுவராக நிறுத்தி, அடியில் ஒரு விரல் சந்து விட்டு, ஓரங்களைக் கிரீஸ் வைத்து அடைத்தாள்.

"இது நம்ம தொட்டி. இந்தப் பக்கம் ரெண்டாம் அறை, அந்தப் பக்கம் மூணாம் அறை. மொதல்ல நல்ல தண்ணி." அட்டையின் பாதி மூழ்குமளவு ஊற்றினாள். "இப்ப லாரி கழுவின தண்ணி." கறுப்பு ஆயில் கலந்த தண்ணீரை இரண்டாம் அறைப் பக்கம் விட்டாள். எண்ணெய் மேலே ஏறி, அங்கமுத்துவின் போட்டோவின் மூக்குவரை நின்றது. மறுபக்கம் தண்ணீர் தெளிவாக இருந்தது.

"என்ற மூஞ்சிக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும்னு ஆர்.டி.ஓ.க்குக்கூடத் தெரியாதுங்க," என்றார் அங்கமுத்து.

அவள் எல்லாவற்றையும் வாளியில் கொட்டி, பாட்டிலைத் துணியால் துடைத்தாள். வெறும் பாட்டில். பளிச்சென்றிருந்தது. "இது நல்லாக் கழுவின தொட்டி. தண்ணி ஊத்தலை." அதே கறுப்புத் தண்ணீரை ஊற்றினாள். அடியில் தண்ணீர் இல்லாததால் எண்ணெய்க்குக் குனியவேண்டிய அவசியமே வரவில்லை. தரையோடு தரையாகச் சந்துக்குள் நடந்து மறுபக்கம் போனது. தண்ணீர் ஏற ஏற மூன்றாம் அறைச் சுவரைத் தடவிக்கொண்டு எண்ணெயும் ஏறியது. அடியிலிருந்து விளிம்பு வரைக்கும்.

"குழாய் விளிம்புலதான் இருக்குது," என்றாள் கோகிலவாணி. "அமாவாசைக்கு மறுநாள் லாரி வரிசை கட்டி நிக்கும்னு சொன்னீங்கல்ல. அன்னைக்கு இறங்கற எண்ணெயில ரெண்டு கேன் நேரா ஓடைக்கு. அதுக்கப்பறம் தொட்டி நெறைஞ்சு ஒழுங்கா வேலை செய்யும். அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் கழுவுவீங்க."

காளியண்ணன் நோட்டை இழுத்தார். "ஊத்தினதா எழுதியிருக்குதே. நான் லோடுக்குப் பணம் குடுத்திருக்கறேன்."

"பங்குனி வரைக்கும் பாருங்க. 'விளிம்பு வரை, மணி ஏழு பத்து'ன்னு எழுதியிருக்காரு. மண்ணுக்கு விரல் கணக்கு, எண்ணெய்க்கு லிட்டர் கணக்கு. சித்திரையிலிருந்து தண்ணிக் கட்டத்துல மட்டும் ஒரு டிக். அளந்து ஊத்தினவரு அளவை எழுதுவாரு. டிக் போட்ட எடத்துல அவருக்குப் பொய் எழுதக் கை வரலை."

அறையில் எல்லோரும் வாசற்படியைப் பார்த்தார்கள்.

"எண்ணெய் திருடலீங்க," என்றார் சின்னண்ணன். "தண்ணிதானுங்க திருடினேன். நல்ல தண்ணியக் கொண்டுபோயிச் சாக்கடைக் குழியில ஊத்தறது பாவமுன்னு பட்டுச்சுங்க. அங்க மாடு கத்திட்டிருந்துதுங்க." அவருடைய கண் பாட்டிலை விட்டு நகரவில்லை. சந்து வழியாக எண்ணெய் இன்னும் ஒரு சொட்டு நகர்ந்தது. "அப்ப… கெணறு… நானாங்க?"

கேட்டவருக்குப் பதில் தேவைப்படவில்லை. ஆள் அப்படியே நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி உட்கார்ந்தார். ஆறு மாதமாகக் கிணற்றின் மேல் இரக்கப்பட்டு, ஒவ்வொரு இரக்கத்துக்கும் இரண்டு கேன் எண்ணெய் அனுப்பியிருக்கிறார்.

காளியண்ணனுக்கு உயிர் திரும்பியது. "ஆகக்கூடி இவன்தான். நாலு மணிக்கு அதிகாரி கையில ஒப்படைச்சறலாம். எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

கோகிலவாணி எழுந்து சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றினாள். முருகன் படம், கீழே 'காளியண்ணன் வாட்டர் சர்வீஸ்' என்று பெரிய எழுத்து. அதன் பின்னால், லேமினேஷன் செய்து நான்கு மூலையிலும் திருகு போட்ட ஒரு தாள். தொட்டி கட்டியவர்கள் மாட்டிவிட்டுப் போனது. எல்லாம் இங்கிலீஷ். ஐந்தாவது வரியை அவள் விரல் வைத்துத் தமிழில் சொன்னாள்.

"கழுவிய பின் விளிம்புவரை நல்ல தண்ணீர் நிரப்பாமல் பயன்படுத்தக் கூடாது. மீறினால் எண்ணெய் வெளியேறும்."

அவள் காளியண்ணன் பக்கம் திரும்பினாள்.

"இதைப் படிச்சுச் சொல்லவேண்டியவரு நீங்க. இதுமேல காலண்டர் மாட்டினதும் நீங்க. ஊத்தச் சொன்னீங்க, எதுக்குன்னு சொல்லலை. உங்களுக்கே தெரியாது. அதிகாரி கேட்டா நான் எல்லாத்தையும் சொல்லுவேன். அவர் டிக் போட்டதையும், இதையும்."

"உங்களக் கூப்பிட்டதே நானுங்க மேடம்."

"ஆமா. கேட்டது எண்ணெய் எங்க போச்சுன்னு. கண்டுபுடிச்சாச்சு."

காளியண்ணன் கால்குலேட்டரைப் பார்த்தார், தட்டவில்லை. வியாபாரிக்குத் தோற்கிற நேரம் தெரியும். "சரி. என்ன செய்யோணும்?"

"கிணத்தை எறைச்சு எண்ணெய வழிச்சு முறைப்படி பேரல்ல போடோணும். தண்ணி சுத்தமாச்சுன்னு பரிசோதனைச் சீட்டு வர்ற வரைக்கும் கந்தம்மாவுக்கு மாசம் நாலு லோடு."

"ரெண்டு."

"நாலு."

"மூணுன்னு முடிச்சுக்கலாங்க."

"நாலு. நோட்டுலயும் எழுதோணும்."

"எழுதோணுமா?"

"எழுதோணும்."

இதுவரை பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்த கந்தம்மாள் எழுந்து, வாசற்படிக்குப் போய், சின்னண்ணன் முன்னால் நின்றார். அடிக்கப்போகிறார் என்று அங்கமுத்து நினைத்தார். சின்னண்ணனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ற கன்னு போனது உன்னாலயா சாமி?"

"ஆமாங்க்கா."

"மத்த ரெண்டும் நிக்கறதும் உன்னாலதான்." கந்தம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "எதை எதுல கழிக்கறது? எனக்குத் தெரியல. நீயே சொல்லு."

சின்னண்ணன் எழுந்து தொட்டிப் பக்கம் நடந்தார்.

*

கழிவு உறிஞ்சும் லாரி இரண்டு மணிக்கு வந்தது. சின்னண்ணன் தொட்டிக்குள் இறங்கி மூன்றாம் அறையை மறுபடியும் தேய்த்தார். யாரும் ஏவவில்லை. மூன்றரைக்கு டேங்கர் வந்தது, ஒரு லோடு. ஆயுத பூசை நேரம், அடுத்த லோடு ராத்திரி ஏழுக்கு மேல்தான் என்றார் டிரைவர். அவருக்குப் பழக்கம், வண்டியை ஓடைப்பக்கம் திருப்பப் போனார். சின்னண்ணன் கை காட்டி நிறுத்தினார்.

டேங்கரின் பெரிய ஓஸைத் தூக்கித் தொட்டி விளிம்பில் வைத்தவர், வால்வைத் திறக்காமல் நின்றார். நல்ல தண்ணீர். கண்ணாடி மாதிரி. அங்கமுத்து பக்கத்தில் போய் நின்றார்.

"அதுல ஊத்து," என்றார் பின்னாலிருந்து கந்தம்மாள். "எனக்கு ராத்திரி வரட்டும்."

வால்வு திறந்தது. மூன்று அறையிலும் தண்ணீர் ஒரே மட்டமாக ஏறியது. விளிம்பைத் தொட்டபோது மூன்று ஐம்பது. கேட்டில் ஜீப் ஹாரன் கேட்டது. காளியண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஓடினார். கோகிலவாணி நோட்டையும் பேனாவையும் சின்னண்ணனிடம் கொடுத்தாள்.

"உங்க கையாலயே எழுதுங்க. டிக் வேண்டாம்."

அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். அந்த வெள்ளைச் சட்டையில் கறுப்பாக ஐந்து விரல் பதிந்தது. பிறகு, குண்டு குண்டான அதே எழுத்தில், வரி தாண்டாமல் எழுதினார். அங்கமுத்து இந்த முறை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

சித்திரை முதல் புரட்டாசி வரை தொட்டிக்கு என்று வந்த தண்ணீர்: ஆறு லோடு.

தொட்டியில் ஊற்றியது: இல்லை.

குறைந்த எண்ணெய்: பன்னிரண்டு கேன். போன இடம்: கந்தம்மாள் அக்கா கிணறு.

செத்தது: செவலைக் கன்று ஒன்று.

இன்று ஊற்றியது: ஒரு லோடு, விளிம்பு வரை, மணி மூன்று ஐம்பது.

பிறகு கடைசி வரி.

பாக்கி: ஒரு கிணறு.